பொன்னாத்தாளுக்குக் காது குத்தவில்லை

திருப்பூர்,
12-2-1961

அன்புத் தம்பி அப்புசாமிக்கு,

சர்க்கஸ்காரனோடு ஓடிப்போனவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று நாலு வருஷமாக நாங்கள் தவித்துக் கிடக்க, நேற்று உன் கார்டு வந்தது. அதிலும் பாதி இடத்தை உன் விலாசமே அடைத்துக்கொண்டது. பெங்களூரில் ஏதோ கிளப்பில் டிரம்ஸ் வாசிக்கிறாய் என்று மட்டும் தெரிந்தது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எங்கே படுக்கிறாய் என்பதெல்லாம் அக்காள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை போலிருக்கிறது.

உன் மாமா பனியன் கம்பெனிக்கு இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார். நம்மைப் பெற்ற அய்யனுக்கு உன் கார்டைப் படித்துக் காட்டினேன். "தறி போட்ட ஊட்டுல பொறந்துபோட்டு ஊர் ஊராத் தோலைத் தட்டிக்கிட்டுத் திரியறான். அவன் பேச்சை எங்கிட்ட எடுக்காதே" என்று எழுந்து போனார். போகிற போக்கில், பெங்களூரில் குளிர் அதிகமா என்று மாமாவிடம் கேட்டாராம்.

உனக்குத் தெரியாத சேதி ஒன்று. எனக்கு மகள் பிறந்து நடந்து ஓடுகிறாள். ஆத்தாளின் பேரையே வைத்தோம், பொன்னாத்தாள் என்று. போன தையில் பொங்கலூர்க் கோயிலில் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? நீதான் இல்லையே, பெரியப்பா மகன் சென்னிமலை உட்காரட்டும் என்றார் அய்யன். நான் சாமி முன்னாலேயே சொல்லிவிட்டேன்: "கூடப் பொறந்தவன் மடியிலதான் எம்பிள்ளைக்குக் காது குத்துவேன். அதுவரைக்கும் மூளியாவே இருக்கட்டும்." ஊசியோடு வந்த ஆசாரி வெறுங்கையோடு திரும்பினார். 

அய்யன் கடைசியாகச் சொன்னது இது. நீ அந்த டிரம்மை விட்டுவிட்டு, நொய்யலில் தலை முழுகி, இனித் தோலைத் தொடமாட்டேன் என்று கோயிலில் சொல்ல வேண்டும். சொன்னால் மடியில் உட்கார வைக்கலாம். என் பாடு தெரியும் அல்லவா? உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மாரக்காள்

•

பெங்களூர்,
3-3-1961

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். கூட இருந்த சாக்ஸபோன்காரர் ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று எண்ணிக் காப்பி வாங்கிக் கொடுத்தார். மருமகள் பிறந்திருக்கிறாள் என்று சொன்னதும் காப்பிக்கு நானே காசு கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

சர்க்கஸில் எனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும் நீ. கம்பியில் நடக்கிற பெண் நடுவில் நிற்கும்போது கூட்டத்துக்கு மூச்சு நிற்க வேண்டும். அதை நிறுத்துவது என் கை. அவள் கால் தடுமாறினால் என் குச்சியும் தடுமாறும். இங்கே கிளப்பில் அந்தப் பயம் இல்லை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பூட்ஸுகளைப் போட்டுக்கொண்டு நம் ஆட்கள் ஆடுகிறார்கள். ராக் அண்ட் ரோல் என்று ஒன்று வந்திருக்கிறது. அதைக் கேட்டால் உன் கால் சும்மா இருக்காது. என் பெயரும் மாறிவிட்டது. அப்புசாமி அவர்கள் வாயில் நுழையாமல் சாமியாகி, அதுவும் தேய்ந்து சாம் ஆகிவிட்டேன்.

அய்யன் கேட்பதை என்னால் செய்ய முடியாது. கோயிலில் சொல்லிவிட்டு மறுநாளே ரயிலேறிவிடலாம். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அய்யனிடமும் சாமியிடமும் ஒரே சமயத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

சென்னிமலை மடியிலேயே உட்கார வைத்துவிடு. குழந்தைக்கு என்ன தெரியும்?

இல்லை அக்கா. மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்க்கிறேன், தாள் அழுக்காகிவிடும். அவன் மடியில் உட்கார வைக்காதே.

அப்புசாமி

•

கல்கத்தா,
18-1-1964

அக்காவுக்கு,

இந்நேரம் கியாசுதீன் பாய் ஊருக்கு வந்து தமுக்கடித்திருப்பார். பனியன் ஆர்டர் பிடிக்கக் கல்கத்தா வந்தவர், ஒரு ஹோட்டலில் சாப்பிடப் போன இடத்தில், மேடையில் கோட்டும் சூட்டுமாக என்னைப் பார்த்துவிட்டார். பாட்டு முடிகிறவரைக்கும் சாப்பிடாமலே நின்றார். "ஏனுங்க தம்பி, நம்ம சாமியப்பன் ஐயா மகனாட்டம் இருக்குதேன்னு பாத்தேன்" என்றார். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அடுத்த தடவை அவர் இங்கே வரும்போது கையில் ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய் கொடுத்துவிடு.

ஒரு வேடிக்கை கேள். அமெரிக்காவிலிருந்து இப்போது டிரம்முக்கு பிளாஸ்டிக் வருகிறது. கன்றுக்குட்டித் தோல் மழை வந்தால் தொய்யும், வெயில் வந்தால் இறுகும், விளக்கடியில் காய்ச்ச வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. என் செட்டில் எல்லாம் மாற்றிவிட்டார் முதலாளி. அய்யனிடம் சொல், உங்கள் மகன் இப்போது தோலைத் தட்டுவதில்லை, ஜவுளிக்கடையில் மேலே விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைத்தான் தட்டுகிறான் என்று.

அப்புசாமி

•

திருப்பூர்,
2-2-1964

தம்பி,

நீ வேடிக்கையாக எழுதியதை நான் வேடிக்கையாகவே அய்யனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். 

"அப்பொத் தோலு இல்லீங்கறானா?"

"இல்லீங்களாம். பிளாஸ்டிக்காமா."

"பிளாஸ்டிக்குக்கு ஏது தீட்டு?" என்றார். பிறகு ரசம் ஊற்றச் சொன்னார்.

அவரும் இத்தனை நாளாக ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளே பெரியப்பாவைப் பார்த்து, "எம்பையன் தோலை உட்டுப்போட்டானுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வைகாசியில் நாள். கெடா சொல்லியாயிற்று. தோடு என் கழுத்துக் காசை உருக்கிச் செய்கிறேன். நீ வந்து மடியைக் கொடு, போதும்.

மாரக்காள்

•

திருப்பூர்,
9-6-1964

அப்புசாமிக்கு,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

ஒரு வார்த்தை, "ஆமாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் உன் நாக்கு அழுகியா போய்விடும்? பட்டுப்பாவாடையோடு பிள்ளை உன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசாரி காதைப் பிடித்துப் பொட்டு வைத்துவிட்டார். பெரியப்பா நாச்சிமுத்து வாய் சும்மா இராமல் கேட்டார்: "ஏண்டா அப்புசாமி, இப்பத் தோலைத் தொடறதே இல்லையாமா?" ஊர் முன்னால் அய்யன் தலை நிமிர வேண்டும் என்றுதான் கேட்டார், பாவம். நீ என்ன சொன்னாய்? "தோலு எங்கெ கெடைச்சாலும் தொடுவனுங்க. நான் மொத மொதல்ல அடிச்சதே தப்பட்டைதானுங்க."

அய்யன் எழுந்து வந்து பிள்ளையை உன் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். அவள் ஆறு வயசுப் பிள்ளை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று இன்றைக்கும் கேட்கிறாள். கெடாக்கறியை யாரும் தொடவில்லை. நீ ரயிலுக்குப் போய்விட்டாய். இருந்து பதில் சொல்கிறவள் நான்.

அவளைச் சென்னிமலை மடியில் உட்கார வைக்க அன்றைக்கே எல்லோரும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். உன்மேல் உள்ள பாசத்தில் இல்லை. வைராக்கியத்தில்.

மாரக்காள்

•

கல்கத்தா,
1-7-1964

அக்காவுக்கு,

நீ நின்ற இடத்திலிருந்து வெளிவாசல் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. கெடா வெட்டுக்குத் தப்பட்டை அடிக்கச் சேரியிலிருந்து வந்தவர்கள் அங்கே வெயிலில் நின்றார்கள். அவர்களில் பழனான் இருந்தான். என் வயசுக்காரன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் ஓடிப்போன இடமெல்லாம் அவன் இடம்தான். மாரியம்மன் நோன்பிக்குத் தீ மூட்டித் தப்பட்டையைக் காய்ச்சும்போது, "இந்தாங்க சின்னவரே, யாருக்குந் தெரியாம ரெண்டு அடி அடிங்க" என்று என் கையில் கொடுத்தவன். என் கையில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதெல்லாம் அந்த இரண்டு அடியில் தொடங்கியது.

அவன் காதில் விழ, நான் தோலைத் தொடுவதில்லை என்று சொல்ல வேண்டுமா? பெரியப்பா கேட்டபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அதுதான் என்னைச் சொல்ல வைத்தது.

அய்யனின் மானம் போயிற்று, உன் வைகாசி போயிற்று, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பிள்ளை கேட்டால் தப்பு அவளுடையது இல்லை என்று சொல்.

அப்புசாமி

•

திருப்பூர்,
20-12-1969

தம்பி,

அய்யன் கார்த்திகையில் தவறிவிட்டார். தந்தி கல்கத்தாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. நீ பம்பாய்க்குப் போய்விட்ட கதையைக் கியாசுதீன் பாய்தான் விசாரித்துச் சொன்னார். கொள்ளியைச் சென்னிமலை வைத்தான். தப்பட்டை அடிக்க வந்த பழனான், எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, "சின்னவரு வரலீங்களா?" என்றான். நீ எழுதியதை அன்றுதான் நான் முழுசாக நம்பினேன்.

அய்யன் படுக்கையில் இருக்கும்போது பொன்னாத்தாளின் காதைத் தடவிப் பார்த்தார். இனித் தடை சொல்ல யாரும் இல்லை. வா. சீருக்கும் சடங்குக்கும் சென்னிமலையை வைத்து ஒப்பேற்றிக்கொள்வேன். காதுக்கு மட்டும் நீதான்.

மாரக்காள்

•

பம்பாய்,
15-2-1970

அக்காவுக்கு,

அய்யன் போன சேதி தெரிந்து கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் கோபத்தை நம்பித்தான் நான் இத்தனை காலம் வெளியூரில் தைரியமாக இருந்தேன் போலிருக்கிறது.

உடனே கிளம்ப முடியாத நிலை. ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு நாலு பையன்களோடு சேர்ந்திருக்கிறேன். தோள் வரைக்கும் முடி, கழுத்தில் மணி, கையில் கிட்டார். ராக் குழு. எல்லோரும் காலேஜ் வயசு. என்னை அங்கிள் என்கிறார்கள். போட்டி ஒன்றில் ஜெயித்து ரெக்கார்டும் போட்டாயிற்று. மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் மழையில் நின்று கேட்கிறார்கள். நான் தனியாக வாசிக்கும்போது பையன்கள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், அவ்வளவு நேரம் வாசிப்பேன். மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன். நிச்சயம்.

அப்புசாமி

•

திருப்பூர்,
11-3-1974

அன்புள்ள பெரிய மனிதருக்கு,

எத்தனையோ மழைக்காலம் முடிந்துவிட்டது. கடிதம் மட்டும் ஒழுங்காக வருகிறது. டெல்லியில் வாசித்தேன், காட்மாண்டுவில் வாசித்தேன், டிரம் செட் ரயிலில் காணாமல் போய்க் கிடைத்தது, குழு உடைந்தது, வேறு குழு சேர்ந்தது. உன் கடிதங்களை வைத்துப் பொன்னாத்தாள் பூகோளம் படித்துவிட்டாள்.

கியாசுதீன் பாயின் மகள் நூர்ஜான் ஒரு பத்திரிகை கொண்டுவந்தாள். உன் படம் போட்டிருக்கிறது. திருப்பூர் பனியன் மெஷின் ஓடுகிற சத்தத்தில்தான் தாளம் கற்றதாகச் சொல்லியிருக்கிறாய். மெஷின் ரூமில் நீ ஒரு நாளாவது முழுசாக நின்றது உண்டா? எண்ணெய் வாடை ஆகாது என்று ஓடுவாயே. உன் மாமா படித்துவிட்டு, "மிசினு கத்துக்குடுக்கற தாளத்துல எனக்கு இத்தனை வருசத்துல ஒண்ணும் வரலியேம்மா" என்றார். பழனான் சொல்லிக்கொடுத்தது என்று பத்திரிகைக்காரனிடம் சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை? ஊர் முன்னால் அய்யனை உட்கார வைத்துக்கொண்டு சொல்ல வந்ததே.

போகட்டும். சொல்ல வந்தது வேறு. பொன்னாத்தாளுக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு இடம் வந்தது. தென்னந்தோப்பு, ஒரே பையன். பெண் பார்க்க வந்த அம்மாள் இவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, காது குத்தலீங்களா? ஏதாச்சும் கொறைங்களா?" என்றாள். வேண்டுதல் என்று சொன்னேன். என்ன வேண்டுதல் என்றாள். காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர்கள் திரும்ப வரவில்லை. 

பள்ளிக்கூடத்தில் அவளை மூளி என்றுதான் கூப்பிட்டார்களாம். பேரில் பொன் இருக்கிறது, காதில் பொட்டுப் பொன் இல்லை என்று பாட்டே கட்டினார்களாம். இத்தனை வருஷம் என்னிடம் அவள் சொன்னதில்லை. முன்னே அய்யன் தடை. இப்போது என்ன தடை? நிஜத்தைச் சொல்.

மாரக்காள்

•

பம்பாய்,
2-5-1974

அக்காவுக்கு,

நிஜத்தைச் சொல்லச் சொன்னாய். எனக்குக் காது கேட்கவில்லை.

வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதில் கிட்டக்க வந்து பேசினால் புரியும். ராக்கில் பின்னால் பீரோ மாதிரி ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்துவிடுவார்கள். நடுவில் நான். டாக்டர் விடச் சொன்னார், விடவில்லை. இப்போது பாட்டு காதில் விழுவதில்லை, மேடைப் பலகை வழியாகக் காலில் ஏறுகிறது. அதை வைத்துச் சமாளிக்கிறேன். குழுவில் யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பத்திரிகைக்காரன் கேட்டது பாதி விளங்காமல், மெஷின் மெஷின் என்று அவன் சொன்னதற்கு எல்லாம் தலையாட்டினேன். பழனான் பேரை நான் சொல்லவில்லை என்பது உண்மை. அது எனக்கும் உறுத்துகிறது.

ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? சொந்தபந்தம் பேசுவதற்குப் பேந்தப் பேந்த விழிப்பேன். "தோலைத் தட்டுனவனுக்குச் சாமி குடுத்த கூலியைப் பாரு" என்பார்கள். அய்யன் ஜெயித்ததாக ஆகும். அந்த வெட்கத்தில்தான் மழைக்காலம், வெயில்காலம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இதைத் தவிர வேறு தடை இல்லை.

வருகிற தையில் வருகிறேன். வந்து மடியைக் கொடுத்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பிவிடுகிறேன். 

அப்புசாமி

•

திருப்பூர்,
29-11-1974

தம்பி,

நீ தையில் வர வேண்டியதில்லை.

நேற்று பொன்னாத்தாள் உன் மாமாவோடு கம்பெனிக்குப் போனவள், மத்தியானம் நூர்ஜானைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்கு வரும்போது இரண்டு காதிலும் கருப்பு நூல். காது மடல் சிவந்து வீங்கியிருக்கிறது.

"யாரு மடிலடி உக்காந்தே?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான், வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"ஸ்டூல் மேலதானுங்கம்மா" என்றாள்.

அடிக்கக் கை ஓங்கினேன். அவள் நகரவில்லை. "அப்புச்சிக்கு ஒரு வீம்பு, அம்மானுக்கு ஒரு வீம்பு, உங்களுக்கு ஒரு வீம்பு. அத்தனையும் எங்காதுல தொங்கிக்கிட்டு இருந்துச்சுங்க. கனமா இருந்துச்சு, கழட்டிப்போட்டேன்" என்றாள். அய்யனை, உன்னை, என்னை, யாரையும் கோபமாகக்கூடச் சொல்லவில்லை தம்பி. பனியன் மடித்து வைக்கிறவள் போலச் சொல்லிவிட்டுப் போய்க் கை கழுவினாள்.

ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. வைராக்கியம் வைராக்கியம் என்று நான் சாமி முன்னால் வைத்தது என் காதை இல்லை, அவள் காதை.

மாரக்காள்

•

பம்பாய்,
8-12-1974

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

ஒரு மடி இருக்கிறது, அது என்னுடையது, அதற்காக ஊரில் ஒரு பிள்ளை காத்திருக்கிறாள். எந்த ஊரில் எந்த மேடையில் இருந்தாலும் இந்த நினைப்பு எனக்கு இருந்தது. அது பெருமையாகவும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். காத்திருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தப்பு அவளுடையது இல்லை என்று அன்றைக்குச் சொல்லச் சொன்னேனே, சொன்னதோடு என் கடமை தீர்ந்துவிட்டதாக இருந்துவிட்டேன்.

இனி அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதனாலேயே வர வேண்டும் போல் இருக்கிறது. சீர் செய்ய இல்லை, சபையில் உட்கார இல்லை. சும்மா வந்து நாலு நாள் சாப்பிட்டுவிட்டு, பழனானைப் பார்த்துவிட்டுப் போகிறேன். இனி யார் என்ன சொன்னாலும் எனக்குப் பாதிதான் கேட்கும், அது ஒரு வசதி.

ஆனால் ஒன்று. அய்யனைக் கேட்டோம், சாமியைக் கேட்டோம், ஊரைக் கேட்டோம். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. நான் வரலாமா என்று அவளைக் கேட்டு எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

அப்புசாமி

•

திருப்பூர்,
19-12-1974

தம்பி,

கேட்டேன். அவள் காதுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். உன் காது விஷயத்தையும் சொன்னேன், மறைக்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது தானாக வந்தாள்.

"வரட்டுங்க. அந்த டிரம்ஸை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. நம்ம வாசல்லயே வாசிக்கட்டும்."

"அவனுக்குத்தான் காது கேக்கறதில்லையேடி" என்றேன்.

"அவருக்குக் கேக்காட்டி என்னங்கம்மா, நமக்குக் கேக்குமல்லங்க."

மாரக்காள்